இழுவை வேலைக்குப் பழைய பிக்கப் வாங்கும் முன்

டிரெய்லர் இழுப்பதற்காகப் பழைய பிக்கப் டிரக் ஒன்றைப் பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன்; ஏற்கெனவே சூடேறிய எஞ்சின், ஸ்டார்ட் ஆவதில் உள்ள சிரமத்தையும் முதல் புகையையும் மறைத்துவிடும்.

பெயின்ட்டின் பளபளப்பில் நான் நேரம் செலவிடுவதில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, அடிச்சட்டமான சேஸியைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். டிரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்ச் பொருத்திய இடத்தில் போல்ட் துளைகள் நீள்வட்டமாக விரிந்திருந்தாலோ, வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, அந்த வண்டி அளவுக்கு மீறி இழுத்திருக்கிறது என்றே கொள்வேன்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால், அதன் ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். கருமையேறிக் கருகிய வாடை வீசினால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஒருமுறை அந்த வாடையைப் பொருட்படுத்தாமல் வாங்கி, முதல் நீண்ட ஏற்றத்திலேயே கியர் வழுக்கி, பாரத்தோடு நடுவழியில் நின்றேன்.

டயரின் வயதையும் பார்ப்பேன். அதன் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.

எடைக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழக்கமான டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மீது இறங்க வேண்டும். அதாவது 3,000 கிலோ டிரெய்லருக்கு 300 முதல் 450 கிலோ. இதோடு ஆட்களும் சாமான்களும் சேர்ந்த மொத்தச் சுமை, அந்த வண்டிக்கே குறிக்கப்பட்ட வரம்புக்குள் அடங்குகிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுவேன்.