சாயங்காலம் மட்டும் அறுந்துபோன வைஃபை

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. தினமும் சாயங்காலம் 7 முதல் 9 வரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன். பிப்ரவரியில் சரியாக அந்த இரண்டு மணி நேரம்தான் நெட் அறுந்து அறுந்து வந்தது. பகலில் ஒரு குறையும் கிடையாது. இருபடிச் சமன்பாட்டைப் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது, "மிஸ், வாய்ஸ் விட்டு விட்டு வருது" என்று ஒரு பையன் சாட்டில் எழுதுவான். நான் துண்டிக்கப்பட்டுத் திரும்ப உள்ளே வருவதற்குள் ஒன்பது பேரில் மூன்று பேர் போயிருப்பார்கள். பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டால் அரை மணி நேரம் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதை. 100 எம்பிபிஎஸ் பிளானை 300க்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். நல்லவேளை, மாற்றவில்லை. ஒரு வீடியோ வகுப்புக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். எனக்கு வேகம் போதாமல் இல்லை, இணைப்புதான் நிலைத்து நிற்கவில்லை. லைன்மேன் தம்பி இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் காலை 11 மணிக்கு. மீட்டரைச் செருகிப் பார்த்து, "சிக்னல் சூப்பரா இருக்கு மேடம்" என்றார். அப்போது சூப்பராகத்தான் இருந்தது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி நெட்வொர்க் வேலை பார்ப்பவன். அவன்தான் சொன்னான்: "அக்கா, வைஃபை வேற, நெட் வேற. ரெண்டுல எது போகுதுன்னு முதல்ல பாரு. அது தெரியாம எதையும் தொடாதே." அவன் சொன்ன வழியை யார் வேண்டுமானாலும் செய்யலாம். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளை எழுதும் திரை) இரண்டு ஜன்னலாகத் திறந்து, இரண்டிலும் நிற்காமல் பிங் ஓட விட வேண்டும். பிங் என்பது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. ஒன்று ரௌட்டரின் முகவரிக்கு. என் பெட்டியில் அது 192.168.1.1, பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். இன்னொன்று 8.8.8.8க்கு, அது கூகுளின் சர்வர், வீட்டுக்கு வெளியே இருப்பது. முதல் ஜன்னலே தடுமாறினால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையில். முதலாவது சீராக ஓடி இரண்டாவது மட்டும் நின்றால் கோளாறு ரௌட்டரைத் தாண்டி, லைனில்.

அன்றைக்கு வகுப்பின்போது ஓட விட்டேன். ரௌட்டருக்கான பிங்கே 4 மில்லி செகண்டிலிருந்து 400க்கு எகிறியது, நடுநடுவே 'டைம்ட் அவுட்' என்று வந்தது. ஆக, வைஃபை.

ரௌட்டர் இருந்தது படுக்கையறையில், ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால். இணைப்பு கொடுத்த அன்று வயர் எட்டிய இடம் அதுதான். நான் வகுப்பு எடுப்பது ஹாலில். நடுவில் இரும்பு பீரோ, கம்பி போட்ட கான்கிரீட் தூண், ஒரு சுவர். போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் சுற்றியிருக்கும் வீடுகளின் வைஃபை 27 தெரிந்தது, எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில். அந்த அலைவரிசைக்குள் பாதைகள் மாதிரி சேனல்கள் உண்டு; அதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். மற்ற எண்களைப் போட்டால் இரண்டு பக்கத்துச் சத்தமும் வந்து சேரும். சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பி டிவியும் போனும் போட்டதும் அந்த மூன்றுக்குள் 27 வீடும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாவது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. 'ஆட்டோ'வில் இருக்கும் ரௌட்டர் எழுந்ததும் அந்த நேரத்துக்குக் காலியான சேனலைத் தேடி உட்காருகிறது. அப்புறம் அங்கேயும் கூட்டம் வந்துவிடுகிறது.

செய்தது இவ்வளவுதான். ரௌட்டரைப் பீரோ மேலே, கதவுக்கு நேராக வைத்தேன். என் ரௌட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை தரும்; இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததைப் பிரித்து 5க்குத் தனிப்பெயர் கொடுத்து, லேப்டாப்பை அதில் மட்டும் சேர்த்தேன். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்ட 2.4 அளவுக்குச் சக்தி கிடையாது; ஆனால் அதே காரணத்தால் பக்கத்து வீட்டுத் தொந்தரவும் குறைவு, சேனல்களும் நிறைய. 2.4ஐ சேனல் 11இல், பக்கத்துச் சேனல்களில் அதிகம் ஏறாத 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்தினேன்.

பாதி சரியானது. பாதிதான். இந்த இடத்தில்தான் நான் இரண்டு வாரம் வீணாக்கினேன். முன்பு பத்துத் தடவை அறுந்தது இப்போது மூன்று தடவை என்றதும், அதே கோளாறின் மிச்சம் என்று நினைத்துச் சேனலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். பிங்கைத் திரும்ப ஓட விட வேண்டும் என்று தோன்றவே இல்லை. கடைசியில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய் 15 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் வயர் வாங்கி வந்து, வைஃபை இல்லாமல் ரௌட்டரையும் லேப்டாப்பையும் நேராக இணைத்து, பிங்கைத் திரும்ப ஓட விட்டேன். அன்று 7.40க்கு 8.8.8.8 ஜன்னல் ஒரு நிமிடம் செத்துப்போனது. ரௌட்டர் ஜன்னல் ஒரு மில்லி செகண்ட் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. பைபரில், அதாவது நெட்டை வெளிச்சமாக வீட்டுக்குக் கொண்டுவரும் கண்ணாடி இழையில், வெளிச்சம் வரவில்லை என்பதற்கான விளக்கு அது.

ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஓர் எண் காட்டும். பைபரில் வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது, டிபிஎம் என்ற அலகில். என் தம்பி அதைக் குறித்து வைக்கச் சொன்னான். மறுநாள் காலை மைனஸ் 21.3 டிபிஎம். ராத்திரி எட்டு மணிக்கு மைனஸ் 28.1. இந்தக் கணக்கில் 3 குறைந்தால் வெளிச்சம் பாதியாகிறது. ஏறக்குறைய 7 குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். மைனஸ் 27ஐத் தாண்டினால் பெட்டி தடுமாறத் தொடங்கிவிடும். காலைக்கும் ராத்திரிக்கும் கண்ணாடி இழையில் அப்படி என்ன மாறும் என்று அங்கேயே நின்று யோசித்தேன். படுக்கையறை ஜன்னல் மூடியிருந்தது.

ஏரிக்கரைக் கொசு. ஆறு மணிக்கு ஜன்னல்களை எல்லாம் சாத்திவிடுவோம். பைபர் வயர் உள்ளே வருவது அந்தத் தள்ளு ஜன்னலின் இடுக்கு வழியாக. கதவைத் தள்ளினால் வயர் சட்டத்தோடு நசுங்கி மடிகிறது. மடிப்பில் வெளிச்சம் இழையை விட்டு வெளியே கசிகிறது. ஜன்னலைத் திறந்தேன், பக்கத்தை ரெப்ரெஷ் செய்தேன்: மைனஸ் 21.4. மூடினேன்: மைனஸ் 27.9. மூன்று தடவை செய்து பார்த்தேன். ஒன்பது மணிக்கு மேலும் இப்படித்தான் இருந்திருக்கும். யூடியூப் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. லைன்மேன் வந்த இரண்டு காலையும் ஜன்னல் திறந்திருந்தது.

இரண்டு எண்களையும் போட்டோ எடுத்து, "ஆப்டிகல் பவர் மைனஸ் 28 வருகிறது, வயர் மடிகிறது" என்று புகார் எழுதினேன். இந்த முறை ரீஸ்டார்ட் பேச்சே வரவில்லை. மறுநாளே அதே லைன்மேன் தம்பி வந்தார். ஜன்னலை மூடிக் காட்டியதும், "இத முன்னாடியே பாத்திருக்கணும்" என்று அவரே வருத்தப்பட்டார். சுவரில் துளை போட ஓனர் அம்மாவிடம் கேட்டேன். சிமென்ட் பூசிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். லைன்மேன் தம்பி துளை வழியாகப் புது வயர் இழுத்து, முனையில் புதுக் கனெக்டர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

புது வயரின் ஆப்டிகல் பவர் எண்ணைச் சுவிட்ச் போர்டு பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வாரம் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நேற்று ராத்திரி எட்டு மணிக்கு மைனஸ் 21.2. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.