இடப்பக்கம் பாடுகிறது

ஏப்ரல் 21
கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சொல்லி வைத்திருந்த பொதி தலவாக்கலைக்கு வந்து சேர்ந்தது. நான் கட்டும் அம்ப்ளிஃபயருக்காக, பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் எல்எம்3886 சிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, 24-0-24 வோல்ட் வளைய ட்ரான்ஸ்போமர், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் 10,000 மைக்ரோஃபரட் கொள்ளளவிகள். சிப்பின் மேலுள்ள அச்சை அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பார்த்தேன், அழியவில்லை. அசல் என்பதற்கு அது முழுச் சான்றாகாது என்றாலும், போலி மலிந்த சந்தையில் அந்த ஆறுதலாவது வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 22
பேராதனையிலிருந்து அழைப்பு இல்லை.

ஏப்ரல் 24
60 வாட் இழை பல்ப் ஒன்றுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் எல்ஈடியைத்தான் நீட்டுகிறார்கள். கடைசியில் ஒருவர் மேல்தட்டிலிருந்து தூசியோடு எடுத்துக் கொடுத்து, “கோழிக்குஞ்சுக்கா தம்பி?” என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டேன். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது இந்தப் பல்ப் தொடரிணைப்பில் இருந்தால், உள்ளே எங்கேனும் குறுக்குச்சுற்று இருந்தாலும் சிப் வெடிக்காது, பல்ப் பிரகாசமாக எரிவதோடு போய்விடும் என்பதை நடுத்தெருவில் நின்று விளக்க மனம் வரவில்லை.

ஏப்ரல் 25
இடப்பக்கம் உயிர்பெற்றது. பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கொள்ளளவிகள் நிரம்பியதும் மங்கி அணைந்தது. வெளியீட்டில் நேரோட்ட மின்னழுத்தம் 7 மில்லிவோல்ட் மட்டுமே; அப்பாவின் ஸ்பீக்கரை அச்சமின்றி இணைக்கலாம். இணைத்தேன். பாட்டுக்கு அடியில் ஓர் இரைச்சல்.

ஏப்ரல் 26
மதியத்துக்கு மேல் இடி. எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 28
இரவெல்லாம் அந்த இரைச்சலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். 50 ஹேர்ட்ஸ் என்றால் வயர் வழியாக வெளியிலிருந்து புகுவது. 100 ஹேர்ட்ஸ் என்றால், மாறுமின்னோட்டத்தை நேரோட்டமாக்கும் சீராக்கியிலிருந்து கிளம்புவது. இது கரகரப்பாக இருப்பதாலும், உள்ளீட்டைப் பூமியோடு, அதாவது சுற்றின் பூச்சிய வோல்ட் வயரோடு, நேரே இணைத்த பின்னும் குறையாததாலும் இரண்டாவதுதான் என்று முடிவுக்கு வந்தேன். சீராக்கி கொள்ளளவிகளை இடைவிடாமல் நிரப்புவதில்லை. மின்னழுத்தம் உச்சத்தைத் தொடும் சிறு நேரத்துக்குள் பெரும் மின்னோட்டத்தைத் திணிக்கிறது. அந்தத் துடிப்புகள் கொள்ளளவிகளின் நடுப்புள்ளிக்கும் ட்ரான்ஸ்போமரின் நடுவயருக்கும் இடையே பாயும்போது, அந்த வழியிலேயே சிப்பின் உள்ளீட்டுப் பூமியும் தொட்டுக்கொண்டிருந்தால், வயரில் எழும் மில்லிவோல்ட்டைச் சிப் பாட்டென்று எண்ணி 21 மடங்கு பெருக்கிக் கொடுத்துவிடும். நான் வாங்கிய பலகையில் செம்புத் தடம் அப்படித்தான் ஓடுகிறது. கத்தியால் தடத்தை அறுத்து, துடிப்பு பாயாத ஒரே புள்ளிக்குத் தனி வயர் இழுத்தேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டினாலும் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு மகிழ்ச்சி இந்த வாரத்துக்குப் பொருத்தமில்லாதது.

ஏப்ரல் 29
மாலை ஏழு மணிக்குத் தோட்டத்து லய வீடுகளில் எல்லா அடுப்பும் கேத்தலும் ஓடும்போது சுவரில் 200 வோல்ட்தான் வருகிறது. சிப்புக்குப் போகும் மின்வழங்கலில் பகலில் ±33 வோல்ட் காட்டிய மீட்டர் அப்போது ±28.7 காட்டியது. சிப்பின் தரவுத்தாளின்படி 8 ஓம் ஸ்பீக்கரில் ±35க்கு 50 வாட், ±28க்கு 38 வாட். காதுக்கு அது பெரிய வித்தியாசமே இல்லை. அப்பாவுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

மே 1
தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாக இருந்த மாமா வந்து பார்த்தார். “ரெண்டு 2என்3055 ட்ரான்சிஸ்டர் போட்டிருந்தா காலத்துக்கும் கெடக்குமேடா, இந்தப் பூச்சிய நம்பி இறங்கிட்டியே” என்றார். பிறகு சிப்பின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்க் தகட்டைத் தொட்டுப் பார்த்து, அளவு போதும் என்று ஒப்புக்கொண்டார். 8 ஓமுக்குச் சிப் அதிகபட்சமாகச் சிந்துவது 28 வாட் அளவு வெப்பம்தான். 4 ஓம் என்றால் அது இருமடங்காகும், இந்தத் தகடு தாங்காது. புறப்படும்போது பேராதனைச் செய்தியைக் கேட்டார். நான் பனியைப் பற்றிச் சொன்னேன்: காலையில் தகட்டின் மேல் நீர் முத்துமுத்தாக நிற்கிறது, துடைத்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்கிறேன்.

மே 2
மேசையில் கிடக்கும் பட்டன் போனுக்கு அழைப்பு வந்தால், மணி அடிப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் “டிர்ர் டிக் டிக்” என்கிறது. போன் நொடிக்கு 217 முறை துடித்துத் துடித்து அலை அனுப்புவதை உள்ளீட்டு வயர் அன்டெனாவாக வாங்கிக்கொள்கிறது. 220 பிக்கோஃபரட் கொள்ளளவி ஒன்றை உள்ளீட்டில் வைத்தால் அடங்கிவிடும். இன்று வந்தது விளம்பர அழைப்பு.

மே 4
220 பிக்கோஃபரட் கைவசம் இருக்கிறது. வைக்கவில்லை.

மே 5
டிர்ர் டிக் டிக். காலை ரயிலில் புறப்படுகிறேன். கொள்ளளவிகளை 2.2 கிலோஓம் தடை வழியாக வடித்துவிட்டேன். வலப்பக்கச் சிப் இன்னும் மின்சாரம் கடத்தாத மைக்காத் தாள் இல்லாமல் தகட்டின் மேல் கிடக்கிறது. அதன் முதுகு மறை (−) மின்வழங்கலோடு இணைந்திருப்பதால், தம்பி ஆர்வத்தில் திருகாணியை முடுக்கி மின்சாரம் கொடுத்துவிடக் கூடாது என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.