இரண்டு மணி வகுப்பு

எத்தியோப்பியாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "அங்கே சோத்துக்கே கஷ்டமாமே?" 1984 பஞ்சத்தின் படங்கள் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கின்றன. ஆனால் நான் போன 2011ஐ ஒட்டிய வருடங்களில் தமிழ்நாட்டு இன்ஜினியரிங் காலேஜ்களிலிருந்து எத்தனையோ பேர் அங்கே பாடம் நடத்தப் போய்க்கொண்டிருந்தோம். காரணத்தை மறைப்பானேன், சம்பளம்தான். ஊரில் தனியார் கல்லூரியில் வாங்கியதை அங்கே வாங்குவதோடு ஒப்பிட்டால் யோசிக்கவே வேண்டியிருக்காது.

போவதற்கு முன் அப்போது செய்ய வேண்டியிருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டம் உண்மையானதுதான் என்று பல்கலைக்கழகத்தில் சான்று, சென்னையில் மாநில அரசின் அட்டஸ்டேஷன், டெல்லியில் வெளியுறவு அமைச்சகம், கடைசியாக எத்தியோப்பியத் தூதரகம். அந்த வரிசையில் ஒன்று மாறினாலும் மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டேன். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஊசி போட்டதற்குத் தரும் மஞ்சள் அட்டையை இந்தியா திரும்பி வரும்போது கேட்பார்கள்.

2011 அக்டோபரில் போய் இறங்கினேன். பணியில் சேர்ந்த கடிதத்தில் 2004 என்று இருந்தது. அவர்களுடைய நாள்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் ஓடுவது, பதின்மூன்று மாதம் கொண்டது. படித்துத் தெரிந்துகொண்டதால் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கடிகாரமும் வேறு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

"திங்கட்கிழமை இரண்டு மணிக்கு உங்கள் முதல் வகுப்பு" என்றார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு, சட்டையை இஸ்திரி போட்டு, இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய் நின்றேன். அறையில் ஈ காக்கை இல்லை. வராந்தா பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் வாட்சைக் காட்டி இரண்டு விரலை நீட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எட்டு விரல் காட்டினார். அங்கே சூரியன் உதித்தபின் முதல் மணி ஒன்று. நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. இரண்டு மணி வகுப்பு என்றால் காலை எட்டு. அறுபத்திரண்டு பிள்ளைகள் காலையில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கலைந்திருக்கிறார்கள்.

மறுநாள் சரியான நேரத்துக்குப் போனேன். சர்க்யூட் தியரி. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் "அண்டர்ஸ்டுட்?" என்று கேட்பேன். முன்வரிசையில் சிலர் 'ஹ்' என்று சட்டென மூச்சை உள்ளே இழுப்பார்கள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போல, அதிர்ச்சியடைகிறார்கள் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப விளக்குவேன். அங்கே 'ஆமாம்' என்பதற்கு அப்படித்தான் மூச்சிழுப்பார்கள் என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததும் இன்னும் பெரிய தவறு செய்தேன்: அந்த மூச்சை நம்பிவிட்டேன்.

ஐந்தாவது வாரம் டெஸ்ட் வைத்தேன். ஒரு கணக்கில் 'நெக்லெக்டிங் இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ்' என்று கேட்டிருந்தேன். பாட்டரியின் உள் மின்தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அர்த்தம். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் அதைப் பத்திரமாகக் கூட்டியிருந்தார்கள். சமன்பாடு சரி, பெருக்கல் சரி, கடைசி விடை மட்டும் தப்பு. ஒரே மாதிரி தப்பு என்பதால் காப்பி அடித்துவிட்டார்கள் என்று வகுப்பில் கத்தினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

என்னுடன் ஒரு உதவி ஆசிரியர் இருந்தார். அந்த வருடம்தான் பட்டம் முடித்த பையன். நல்ல மார்க் என்று பல்கலைக்கழகமே வைத்துக்கொண்டது. அங்கே இது சகஜம். 1990களின் நடுவில் அந்த நாட்டில் இரண்டே பல்கலைக்கழகங்கள். நான் போனபோது முப்பதுக்குப் பக்கம். கட்டடம் எழுப்பும் வேகத்துக்கு வாத்தியாரை எழுப்ப முடியுமா? அதனால்தான் எங்களைப் போன்ற வெளிநாட்டு ஆட்களும், நேற்றுவரை பெஞ்சில் இருந்தவர்களும். அந்தத் தம்பிதான் மெதுவாகச் சொன்னார்: "காப்பி இல்லை டீச்சர். நெக்லெக்ட் என்ற வார்த்தை தெரியாது."

அப்புறம்தான் துண்டுச்சீட்டு யோசனை வந்தது. வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம், புரியாததை எந்த மொழியிலாவது எழுதிக் கொடுங்கள், பெயர் வேண்டாம் என்றேன். மாணவர்களை நாடு முழுக்கப் பிரித்து அனுப்புவது அமைச்சகம் என்பதால் ஒரே வகுப்பில் அம்ஹாரிக், ஓரோமோ, திக்ரின்யா எல்லாம் உண்டு. தம்பி பாதியைப் படித்துச் சொல்வார். மீதிக்கு வேறு ஆள் பிடிப்போம். அம்ஹாரிக் எழுத்தை நானும் கற்றுக்கொண்டேன். 33 எழுத்துக்கு ஏழேழு வடிவம், மொத்தம் 231. நம் உயிர்மெய் அட்டவணை போலவேதான், ஆங்கிலேயருக்கு வேண்டுமானால் மலைப்பாக இருக்கும்.

சீட்டுகளில் வந்தது நான் எதிர்பார்த்ததே இல்லை. வோல்டேஜ், கரண்ட், கபாசிட்டர் பற்றி யாரும் கேட்கவில்லை. 'ஹென்ஸ்' என்றால் என்ன? 'ரெஸ்பெக்டிவ்லி' எதற்கு வருகிறது? 'அஸ்யூம்' என்கிறீர்களே, அது விடையா, கேள்வியா? ஒரு சீட்டில் என்னைப் பற்றியே: "டீச்சர் பேசுவது ஆங்கிலமா, இந்திய மொழியா?" அதைப் படித்துச் சொல்லத் தம்பி ரொம்பவே தயங்கினார்.

கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் நானும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம். மின்தடை, மின்னோட்டம் என்று படித்தவன். முதல் வருடக் கல்லூரியில் 'ஹென்ஸ் ப்ரூவ்ட்' என்று எழுதி எழுதி மார்க் வாங்கினேன். ஹென்ஸுக்கு 'ஆகவே' என்று அர்த்தம் தெரிந்தது மூன்றாம் வருடத்தில்.

இந்தப் பிள்ளைகளில் பலர் தொடக்கப்பள்ளியில் தாய்மொழியில் படித்து, ஒன்பதாம் வகுப்பில் ஒரேயடியாக ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். மாறும் இடத்தில் கை கொடுக்க ஆள் இல்லை, டிவி இருந்தது. 2004 முதல் மேல்நிலைப் பள்ளிகளில் சாட்டிலைட் வழியாகப் பாடம்; 'பிளாஸ்மா' என்றே அதற்குப் பெயர். தென்னாப்பிரிக்காவில் பதிவுசெய்தது. வகுப்பு ஆசிரியருக்கு முன்னால் சில நிமிடம், பின்னால் சில நிமிடம். நடுவில் டிவி பேசும், நிறுத்திக் கேட்க முடியாது. கரண்ட் போனால் அன்றைய பாடமும் போச்சு. நோட்டில் எழுதி முடிப்பதற்குள் திரை மாறிவிடும் என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள். புரியாவிட்டாலும் 'ஆமாம்' என்று மூச்சிழுக்கும் பழக்கம் அந்த வகுப்புகளில் வளர்ந்ததாகத்தான் இருக்கும். தலையைக்கூட அசைக்காத வாத்தியாரிடம் வேறென்ன சொல்வது?

வார்த்தைப் பட்டியல் ஒன்று தயாரித்தோம். நாற்பது வார்த்தை, பக்கத்தில் மூன்று மொழியில் அர்த்தம். கேள்வித்தாளில் அந்த நாற்பதைத் தாண்டிப் போவதில்லை என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். நானும் வேகத்தைக் குறைத்தேன். அடுத்த டெஸ்டில் மார்க் ஏறியது. ஆனால் எல்லாருக்கும் அல்ல. பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கணக்கே பிரச்சினை, அதற்குப் பட்டியல் உதவவில்லை.

லேப் கதை வேறு. அறிவியல், தொழில்நுட்பத்துக்கு 70 சதவீதம், மற்ற படிப்புகளுக்கு 30 என்பது அப்போது அரசின் கொள்கை. அதனால் மாணவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்புகளும் வந்து, அட்டைப்பெட்டியோடு வராந்தாவில் இருந்தன. திறந்தால் பலவற்றில் ப்ரோப், அதாவது சர்க்யூட்டில் தொட்டு அளக்கும் கம்பி, இல்லை. ஓடியவை நான்கு. ஒரு ஃப்யூஸ் வாங்க மூன்று கையெழுத்து. கடைசியில் தம்பி தலைநகர் அடிஸ் அபாபா போனபோது மெர்காட்டோ சந்தையில் கைக்காசுக்கு வாங்கி, பையில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வருடமும் அந்த லேப் ஓடியது அப்படித்தான். இதைச் சாதனையாகச் சொல்லவில்லை. அப்படி ஓடக் கூடாது.

சாப்பாட்டைச் சொல்லவில்லையே. சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். புதன், வெள்ளியில் அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களே விரதம். புளித்த மாவில் சுடும் தோசை போன்ற இன்ஜெராவோடு பருப்பு, கீரை கிடைக்கும். பெயரிலும் நம் வழிதான்: குடும்பப்பெயர் கிடையாது, தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். எந்த விண்ணப்பத்திலும் நான் குழம்பாத நாடு அது ஒன்றுதான்.

2013இல் திரும்பினேன். ஊரில் ஒரு கல்லூரியில் அனுபவச் சான்றிதழைக் கொடுத்தால் கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "2004, 2005னு போட்டிருக்கு. நீங்க எம்.இ. முடிச்சதே 2009. அதுக்கு முன்னாடியே லெக்சரரா சார்?" பதின்மூன்று மாதக் கதையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை, அவர் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன். தம்பிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாள்காட்டித் தேதியும் போட்ட புதுச் சான்றிதழ் வர மூன்று மாதம் ஆனது; வேலை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது.

கவருக்குள் ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது. அம்ஹாரிக் எழுத்தில் ஆங்கிலம், எழுத்துக்கூட்டிப் படித்தேன்: "டீச்சர், ப்ளீஸ் நெக்லெக்ட் த டிலே."