பிலிருபின் எவ்வளவு? – ஒரு கிராம சுகாதார செவிலியரின் நாட்குறிப்பு

ஜூன் 10, திங்கள்

குளச்சல் பக்கம் காலையிலிருந்தே மழை. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் 1ஆம் தேதியே தொடங்கிவிட்டதால் ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள். எனக்கு இது நல்ல காலம். குழந்தையைப் பற்றிப் பேசும்போது அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்.

இன்று ஒரு மூன்றாம் நாள் பார்வை. தலைப்பிரசவம், பெண் குழந்தை, 2.8 கிலோ. அறையின் விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் காமாலையைச் சரியாகக் கணிக்க முடியாது என்பதால் குழந்தையை வாசல் திண்ணைக்குக் கொண்டுவரச் சொன்னேன். நெற்றியில் விரலை வைத்து மெல்ல அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தது. மார்பிலும் அப்படியே, தொப்புளுக்குக் கீழும் அப்படியே. தொடையில் அழுத்தியபோதும் மஞ்சள். உள்ளங்காலில் மட்டும் இல்லை.

“எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே சிஸ்டர்? வெயிலில் காட்டினால் போய்விடும்” என்றார் பாட்டி. அவர் சொல்வதில் பாதி உண்மை. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலோ, கால் வரை இறங்கினாலோ அதைத் தானாக வடியும் கணக்கில் விடக் கூடாது. வெயிலை நம்பிக் காத்திருக்கவும் கூடாது. இந்த மழையில் வெயிலுக்கு எங்கே போவது என்பது வேறு விஷயம்.

மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் என்ற பொருள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க உடனே பரிசோதனைக்கு அனுப்பினேன். கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் சொன்னது இதுதான்: “பிள்ளை மஞ்சளாக இருக்கிறது என்று சொல்வதோடு நிறுத்திவிடாதே மக்களே. பிலிருபின் எவ்வளவு என்று கேள். எண்ணைச் சொன்னதும், பிறந்து எத்தனையாவது மணி நேரத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்.”

மருத்துவர் வாயிலேயே இருக்கும் சொல் தாய்க்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிறந்து ஒரே நாளில் பிலிருபின் 12 (ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு) என்றால் கவலைப்பட வேண்டும். ஐந்தாம் நாளில் நிறைமாதக் குழந்தைக்கு அதே 12 பெரும்பாலும் சாதாரணம். எண்ணும் நேரமும் சேர்ந்தால்தான் பொருள். இரவு இரண்டு மணிக்கு வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அங்கே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப்போவது தாய்தான், நான் அல்ல.

ஜூன் 11, செவ்வாய்

எண் வந்துவிட்டது: 18.6, எண்பதாவது மணி நேரத்தில். தாய்க்கு ஓ பாசிட்டிவ், குழந்தைக்கு பி பாசிட்டிவ். இப்படி இரத்த வகை மாறுபட்டால் சில குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் வேகமாக உடையும். உடையும் அணுக்களிலிருந்து வருவதுதான் பிலிருபின். அதை வெளியேற்றப் பிஞ்சுக் கல்லீரலுக்கு இன்னும் வலு வரவில்லை. அளவு மீறிப் போனால் மூளையில் படிந்து, கேட்கும் திறனையும் உடல் அசைவையும் நிரந்தரமாகப் பாதிக்கும். குழந்தையை நீல விளக்கின் கீழ் வைத்திருக்கிறார்கள்.

மாலையில் போய்ப் பார்த்தேன். கண்ணுக்குத் துணிக்கட்டு, இடுப்பில் சிறு துணி, மற்றபடி உடம்பெல்லாம் வெளிச்சம். ஒரு கையை நீட்டி விரல்களை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தாள். விளக்கின் ஒளி தோலில் உள்ள பிலிருபினின் வடிவத்தை மாற்றிவிடும். மாறியது பித்தத்திலும் சிறுநீரிலும் கலந்து வெளியேறும்.

இந்தச் சிகிச்சைக்கு வழிகாட்டியவர் ஒரு செவிலியர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் வார்டு, வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்து மருத்துவர்களிடம் காட்டினார். அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வு 1958இல் வெளிவந்தது. வெயிலே மருந்து என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அளந்து கொடுக்கக்கூடிய விளக்கைச் செய்தார்கள்.

ஜூன் 13, வியாழன்

காலையில் அந்தப் பெண்ணே போன் செய்தாள். “சிஸ்டர், பிலிருபின் 18.6லிருந்து 14.1க்கு இறங்கியிருக்கிறது. இன்று காலை ஆறு மணிக்கு எடுத்தது. மலம் பச்சையாக, இளக்கமாகப் போகிறது. இது விளக்கினால்தானா?” ஆமாம், விளக்கினால்தான். பிலிருபின் வெளியேறுகிறது. கணவர் எல்லா எண்ணையும் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வருகிறாராம். இதைவிடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும்?

ஜூன் 15, சனி

தென்னந்தோப்புப் பக்கம் ஒரு வீடு. தொட்டிலில் விரிக்கப் பழைய வேட்டிகளைப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தார்கள். கிட்டப் போனதுமே அந்துருண்டை வாசனை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த வாசனையே சிவப்பணுக்களை உடைத்து பிலிருபினை ஏற்றிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை உண்டு என்று பார்த்துத் தெரியாது. துணியை நனைத்துத் துவைத்துக் காயவைத்துவிட்டுப் பிறகு விரிக்கச் சொன்னேன். பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கத் தேனும் தயாராக இருந்தது. அதையும் வேண்டாம் என்றேன். சீம்பால் போதும். கருமலத்தைச் சீக்கிரம் வெளியே தள்ளுவது அதுதான். உள்ளே தங்கினால் அதிலுள்ள பிலிருபின் மறுபடி இரத்தத்தில் ஏறும்.

ஜூன் 19, புதன்

இருபத்தொன்றாம் நாள் பார்வை. ஆண் குழந்தை, எடை நன்றாக ஏறியிருக்கிறது, பால் நன்றாகக் குடிக்கிறான். ஆனாலும் கண்ணில் மஞ்சள் இருக்கிறது. தாய்ப்பாலால்தான் என்று மாமியார் முடிவு கட்டி, புட்டிப்பால் டின்னும் வாங்கி வைத்துவிட்டார்.

முதலில் மலத் துணியைக் காட்டச் சொன்னேன். கடுகு மஞ்சள். நிம்மதியாக இருந்தது. வெளுத்து, சுண்ணாம்பு நிறத்தில் போயிருந்தால் பித்தநாளம் அடைத்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். அந்த அறுவைச் சிகிச்சை இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். இருந்தாலும் இரண்டு வாரத்தைத் தாண்டிய மஞ்சளைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. டைரக்ட் பிலிருபின் என்பது கல்லீரல் பதப்படுத்திய பகுதி; பித்தம் அடைத்தால் இரத்தத்தில் ஏறுவது அதுதான். இந்தக் குழந்தையின் தாய்க்குக் கொஞ்சம் நீளமான வாக்கியம் கொடுத்தேன்: “இருபத்தொரு நாள் ஆகிறது, இன்னும் மஞ்சள் போகவில்லை. டைரக்ட் பிலிருபின் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.”

ஜூன் 21, வெள்ளி

மொத்தம் 9.2, டைரக்ட் 0.4. பித்த அடைப்புக்கான அறிகுறி இல்லை. தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை என்று மருத்துவர் சீட்டிலேயே எழுதியிருக்கிறார். அதை மாமியாரிடம் உட்கார்ந்து படித்துக் காட்டு என்றேன். காட்டிவிட்டாளாம். டின்னைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.