நிழல்வலை போட்டால் ஆமைக் குஞ்சு கூடுதலாகப் பொரியுமா?

தை பிறந்தால் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிடக் கரையேறும். நாய்க்கும் ஆளுக்கும் தப்ப வேண்டுமென்று முட்டைகளை இரவோடு இரவாக எடுத்துப் பொரிப்பகத்தில் வேறு குழியில் புதைப்பார்கள். பங்குனி வெயிலில் அந்த மணல் கொதிக்கும். மேலே நிழல்வலை கட்டினால் பொரிப்பு கூடுமா என்பதுதான் என் எம்.எஸ்சி. ஆய்வுக் கேள்வி. வனத்துறை அனுமதி வாங்கியது தனிக்கதை. புள்ளியியல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

எது ஒரு சாம்பிள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு குழியில் ஏறக்குறைய 100 முட்டை. முட்டைக் கணக்கில் போனால் தரவு ஆயிரக்கணக்கில் சேரும், பி மதிப்பும் (வலையால் பயனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) மளமளவென்று இறங்கும். ஆனால் அந்த 100-ம் ஒரே தாய் இட்டவை; ஒரே மணலில், ஒரே ஈரத்தில் கிடப்பவை. குழிதான் சாம்பிள். வலையிலும் இதே சிக்கல். பாதிப் பொரிப்பகத்துக்கு ஒரே பெரிய வலையைக் கட்டினால், கீழே எத்தனை குழி இருந்தாலும் வலை ஒன்றுதான். 1984-இல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை எச்சரித்தது இதைத்தான். அதனால் குழிக்குக் குழி நாலு குச்சி நட்டுத் தனித்தனியாக வலைத் துண்டு கட்டினோம்.

அடுத்தது காலம். மாசிக் குழிக்கும் பங்குனிக் குழிக்கும் வெயிலே வேறு. எனவே அடுத்தடுத்து வந்த இரண்டு குழிகளை ஒரு ஜோடியாக்கி, எதற்கு வலை என்பதைக் காசு சுண்டி முடிவு செய்தோம். நல்ல குழியாகத் தெரிவதற்கு வலை கட்டக் கை போகும். அதைத் தடுக்கக் காசுதான் வழி.

குஞ்சுகள் வெளியேறியதும் குழியைத் தோண்டி எண்ண வேண்டும். அழுகல் நாற்றம் குடலைப் பிரட்டும். ஓடு கிழிந்து துண்டு துண்டாகக் கிடக்கும். பாதிக்கு மேல் முழுசாக இருந்தால்தான் பொரிந்த முட்டை ஒன்று என்று கணக்கு வைத்தோம்.

பெரும்பாலான குழிகளில் பொரிப்பு நன்றாக இருக்க, ஓரிரண்டு அடியோடு சரிந்திருந்தன. இப்படிக் கோணலான தரவுக்கு டி-டெஸ்ட் (சராசரிகளை ஒப்பிடும் வழக்கமான சோதனை) எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. வரிசைமாற்றச் சோதனை போட்டேன். வலையால் எந்த வேறுபாடும் இல்லை என்பது இன்மைக் கருதுகோள். அது உண்மையானால் ஜோடிக்குள் ‘வலை’, ‘வெயில்’ என்ற பெயர்களை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடாது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் அப்படி மாற்றி மாற்றிப் போட்டு, நமக்குக் கிடைத்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் எத்தனை தடவை தற்செயலாக வருகிறது என்று எண்ணி, மொத்தத் தடவையால் வகுத்தால் அதுவே பி மதிப்பு. 5 ஜோடி மட்டும் இருந்தால் மொத்தம் 32 வழிதான். இருபக்கச் சோதனையில் (பொரிப்பு கூடினாலும் குறைந்தாலும் கணக்கில் எடுப்பது) பி மதிப்பு 2/32, அதாவது 0.0625-க்குக் கீழே இறங்கவே முடியாது. வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே போகக் குறைந்தது 6 ஜோடி வேண்டும் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தோம்.

மணலின் சூடு எல்லா ஜோடியிலும் வலைக்குக் கீழே குறைந்திருந்தது. பொரிப்பு விழுக்காட்டிலோ பி மதிப்பு 0.05-க்குக் கீழே வரவில்லை. ‘வலையால் பயனில்லை’ என்று ஆய்வேட்டில் எழுத நான் சம்மதிக்கவில்லை. நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு, அகலமாக இருந்தது. நல்ல பயனும் அதற்குள் அடங்கும், சிறு கேடும் அடங்கும். அந்த இடைவெளியை அப்படியே அட்டவணையில் கொடுத்தேன்.

பொரிப்பகத்து அண்ணன் கேட்டது வேறு: “சூடு கூடினா பொட்டைதான் பொறக்கும்னு சொல்றாங்களே, வலை போட்டா கடுவன் கிடைக்குமாம்மா?” மணல் சூடுதான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்பது உண்மை. ஆனால் குஞ்சை வெளியே பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, நான் அதைச் சோதிக்கவும் இல்லை. “என் கணக்கு அதுக்குப் பதில் சொல்லாதுண்ணா” என்றேன். அடுத்த பருவத்துக்கும் ஜோடி போட்டே வலை கட்டுவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.