வேப்பெண்ணெய் தண்ணீரில் கலந்து நிற்க: என் முதுநிலைப் படிப்பு

வேதிப் பொறியியல் முடித்தவர்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பு ஆலைக்கோ உர ஆலைக்கோ போவார்கள், இல்லையென்றால் ஐ.டி.க்கு. ஷாம்பு, பெயின்ட், பூச்சிமருந்து, களிம்பு, ஐஸ்கிரீம் என்று பல பொருள்கள் கலந்த சரக்குகளை வடிவமைப்பதும் எங்கள் துறையின் வேலைதான் என்று பி.டெக். நாலு வருடமும் யாரும் சொல்லித்தரவில்லை. இப்படிக் கலவைப் பொருள்களை உருவாக்கும் ஃபார்முலேஷன் பக்கம் நான் மேற்படிப்புக்குப் போகிறேன் என்றதும் வீட்டிலும் கல்லூரியிலும் கேட்டது ஒரே கேள்வி: "அது கெமிஸ்ட்ரி படிச்சவங்க பார்க்குற வேலையாச்சே?" மூன்றாண்டு போல அதிலேயே கிடந்து வெளியே வந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு இப்போது என்னால் விவரமாகப் பதில் சொல்ல முடியும்.

முதலில் எங்கே படிப்பது என்ற தேடல். மும்பை மாதுங்காவில் இருக்கும் ஐ.சி.டி. (இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி) 1933-இல் பம்பாய் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாகத் தொடங்கியது. எண்ணெய், சர்ஃபாக்டன்ட் (சோப்பு போல எண்ணெயையும் நீரையும் சேர்த்துவைக்கும் பொருள்), பெயின்ட் இவற்றுக்கெல்லாம் அங்கே தனித்தனிப் படிப்புகள் உண்டு. குருகிராமில் பூச்சிமருந்து ஃபார்முலேஷனுக்கென்றே 1991-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழக வேதிப் பொறியியல் துறை, மாணவர் பெரும்பகுதி நேரத்தை ஒரு நிறுவனத்துக்குள்ளேயே செலவிடும்படி ஃபார்முலேஷன் பொறியியலில் ஆய்வுப் பட்டம் நடத்திவருகிறது. அதற்குச் செலவு கட்டுப்படியாகாது என்று வீட்டில் பேசி முடித்தோம். மிஞ்சியது ஐ.ஐ.டி., என்.ஐ.டி. வழி. அங்கே பட்டத்தின் பெயரில் ஃபார்முலேஷன் என்று இருக்காது. கூழ்மங்கள் (நுண்துகளோ துளியோ விரவிய கலவைகள்), பாலிமர், ரியாலஜி (பொருள்கள் பாயும் விதம்) பார்க்கும் பேராசிரியர்கள் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வு பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, அதற்கு ஆயிரம் பேர் வழிகாட்டுகிறார்கள். 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். மதிப்பெண் அட்டை 3 ஆண்டுகள் செல்லும். ஐ.ஐ.டி. எம்.டெக். இடங்கள் கோப் என்ற இணையதளத்திலும் என்.ஐ.டி. இடங்கள் சி.சி.எம்.டி. என்ற பொதுக் கலந்தாய்வு வழியாகவும் வரும். கோப்பில் ஒவ்வொரு சுற்றிலும் "அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்", "ரீடெயின் அண்ட் வெயிட்", "ரிஜெக்ட் அண்ட் வெயிட்" என்று மூன்று தேர்வுகள்தான். எதை அழுத்துவது என்று அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது. துறைப் பக்கங்களைப் படித்து முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருக்க வேண்டும். கேட் வழியாக எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. எங்கள் வீட்டில் அந்தத் தொகைதான் விஷயத்தை முடித்துவைத்தது.

நான் எம்.டெக். விட்டுவிட்டு ஆராய்ச்சி வழி எம்.எஸ். எடுத்தேன். எம்.டெக்.கில் ப்ராஜெக்டுக்கு ஒரு வருடம் போலத்தான் கிடைக்கும். ஃபார்முலேஷன் வேலையில் பாதி, செய்த பொருளை அலமாரியில் வைத்துக் காத்திருப்பது. ஒரு வருடத்தில் அதைச் செய்துவிட்டு எழுதவும் முடியாது. இந்தத் துறையை ஆசையோடு தேடி வருபவர்களுக்கு எம்.எஸ்.தான் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.

எம்.எஸ்.க்கு நேர்காணல் உண்டு. வெப்ப இயக்கவியலில் இரண்டு மூன்று கேள்வி கேட்டுவிட்டு, ஒரு பேராசிரியர் கேட்டார்: "ஷாம்புல உப்புப் போட்டா ஏன்மா கெட்டியாகுது?" எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். நீரில் சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கூடி நிற்கும். அவற்றின் தலைப்பகுதியில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். உப்பில் இருக்கும் சோடியம் அந்தத் தள்ளலைக் குறைக்க, உருண்டைகள் நீண்டு புழுக்கள் போலாகிப் பின்னிக்கொள்ளும், அதனால் கெட்டியாகும். "இன்னும் உப்புப் போட்டா?" அதற்கு எனக்கு விடை தெரியவில்லை, அவரே விளக்கினார்: ஒரு அளவுக்கு மேல் போனால் புழுக்கள் கிளைவிட்டு இணைந்துகொள்ளும், கெட்டித்தன்மை மறுபடி இறங்கும். ஒரே உப்பு ஏற்றவும் செய்கிறது, இறக்கவும் செய்கிறது. அந்த நேர்காணலிலிருந்து வெளியே வரும்போது இடம் கிடைக்குமா என்ற கவலையைவிட, இதைப் படிக்க வேண்டும் என்ற ஆவல்தான் அதிகமாக இருந்தது.

பாடங்களில் எனக்கு மிகவும் உதவியது பொருள் வடிவமைப்பு பற்றிய ஒரு விருப்பப் பாடம். மின்னசோட்டாவின் எட்வர்ட் கஸ்லரும் கேம்பிரிட்ஜின் ஜெஃப் மாக்ரிட்ஜும் 2001-இல் வகுத்துக்கொடுத்த நாலு படிகளை வைத்து அது நடந்தது: தேவை என்ன, அதற்கு என்னென்ன யோசனைகள், எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தயாரிப்பது. பி.டெக்.கில் நாங்கள் எப்போதும் நாலாவது படியிலிருந்துதான் தொடங்கினோம். என்ன தயாரிக்க வேண்டும் என்பதை யாரோ சொல்லிவிடுவார்கள், நாங்கள் ஆலைக் கோபுரத்தின் உயரத்தைக் கணக்கிடுவோம். இங்கே முதல் படிக்கே வெளியே போய் ஆட்களிடம் பேச வேண்டியிருந்தது.

என் கைடு கொடுத்த தலைப்பு வேப்பெண்ணெய்த் தெளிப்பு மருந்து. பெட்ரோலியக் கரைப்பான் சேர்க்காமல், நீரில் எண்ணெய்த் துளிகளாக நிற்கும் அடர்கலவை ஒன்றை உருவாக்க வேண்டும். முதல் வேலையாக தாராபுரம் பக்கம் கத்தரியும் மிளகாயும் போட்டிருந்த தோட்டங்களுக்குப் போனோம். அங்கே நிறையப் பேர் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து அடிக்கிறார்கள். ஒரு பெரியவர் சொன்னது என் நோட்டில் அப்படியே இருக்கிறது: "கண்ணு, எண்ணெய் மேல நின்னுக்குது. கடைசியா அடிக்கிற பாத்தியில செடி கருகிப்போகுது. அப்புறம் நாசில் அடைச்சுக்குது, அதைக் கழட்டி ஊதறதுக்கே பாதி நேரம் போயிருது."

அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் அளந்து பார்க்கக்கூடிய ஒரு விஷயம் இருந்தது. முதுகில் மாட்டும் ஸ்பிரேயர் டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சும். எண்ணெய் மேலே மிதந்தால் முதலில் வெறும் தண்ணீர் போகும், கடைசியில் எண்ணெய் மொத்தமாக இலையில் இறங்கும், இலை கருகும். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். சாதாரண சோப்பு அவற்றோடு சேர்ந்து திரிந்து வெள்ளைப் பிசுக்காகப் படியும், நாசிலை அடைக்கும். பூச்சிமருந்துச் சோதனைகளுக்கு 342 பி.பி.எம். கடினத்தன்மை உள்ள நீர் ஒன்றைத் தரமாக வைத்திருக்கிறார்கள். நாங்கள் கேனில் எடுத்துவந்த சில மாதிரிகள் அதைத் தாண்டியிருந்தன. அதனால் எங்கள் இலக்கை இப்படி எழுதிக்கொண்டோம்: அந்த ஊர்த் தண்ணீரில் கலக்கி இரண்டு மணி நேரம் எண்ணெய் பிரியக் கூடாது, நுரை குறைவாக இருக்க வேண்டும், நாசில் வடிகட்டியில் எதுவும் தங்கக் கூடாது, பாட்டிலில் இரண்டு கோடை தாண்ட வேண்டும்.

துளியின் அளவுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கேட் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த, துளி நகரும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதி இங்கே உயிரோடு வந்து நின்றது. வேப்பெண்ணெய் நீரைவிடக் கொஞ்சம்தான் லேசு. 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி 10 சென்டிமீட்டர் மேலேறச் சுமார் ஆறு, ஆறரை மணி நேரம் எடுக்கும். துளியை 1 மைக்ரானாகக் குறைத்தால் வேகம் விட்டத்தின் இருமடிப்படி குறையும். அதே தூரத்துக்கு ஏறத்தாழ 26 நாள். டேங்குக்கு இது போதும். பாட்டிலுக்குப் போதாது. அதற்குச் சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பசைத் தூள் கொஞ்சம் சேர்க்க வேண்டும். பாட்டில் சும்மா நிற்கும்போது அது துளிகளைப் பிடித்து வைத்திருக்கும், சாய்த்து ஊற்றும்போது இளகிக்கொடுக்கும். அந்தத் தூளை நேராக நீரில் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், முதலில் கிளிசராலில் குழைத்துக்கொண்டு சேர்க்க வேண்டும்.

எண்ணெய்த் துளிகளை நீரில் நிறுத்திவைக்கும் எமல்சிஃபையரின் தேர்வுக்கு 1949-இல் கிரிஃபின் கொடுத்த ஹெச்.எல்.பி. எண் (அது நீரோடு எவ்வளவு ஒட்டும், எண்ணெயோடு எவ்வளவு ஒட்டும் என்று காட்டுவது) இன்றும் நல்ல தொடக்கம். ஸ்பான் 80 என்ற எமல்சிஃபையருக்கு 4.3, ட்வீன் 80 என்பதற்கு 15. இரண்டையும் பல விகிதங்களில் கலந்து சோதனைக் குழாய்களை வரிசையாக வைத்தால் எந்த இடத்தில் எண்ணெய் நன்றாக நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும். ஆனால் அந்த எண் கடினநீரைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் எதுவும் சொல்லாது. இந்த வகை எமல்சிஃபையர்கள் சூடு ஏற ஏற நீரோடு ஒட்டுவது குறையும். மே மாத மதியத்தில் டேங்கில் இருக்கும் சூட்டிலும் வேலை செய்ய வேண்டும் என்பதால், கடைசியில் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த எத்தாக்சிலேட் வகை எமல்சிஃபையரையும் கால்சியம் சல்ஃபோனேட் ஒன்றையும் சேர்த்த கலவைக்குப் போனோம். அந்தச் சல்ஃபோனேட் ஏற்கெனவே கால்சியம் உப்பு என்பதால் கடினநீரைக் கண்டு திரியாது.

இந்தப் படிப்பில் என்னை முழுக்க மாற்றிய விஷயத்தை இனித்தான் சொல்லப் போகிறேன். ஒரே பொருள்கள், ஒரே அளவுகள், ஒரே கலக்கி. எண்ணெயை நீரில் ஊற்றிக் கலக்கினால் துளி சராசரியாக 10 மைக்ரானுக்கு மேல். எமல்சிஃபையரை எண்ணெயில் கரைத்து, அதில் நீரைச் சிறுகச் சிறுக விட்டால் முதலில் எண்ணெய்க்குள் நீர்த் துளிகள் உண்டாகும், கலவை இறுகிக்கொண்டே போய்த் தயிர் போலாகும், பிறகு ஒரு கட்டத்தில் சட்டென்று இளகி உள்வெளி மாறி எண்ணெய்த் துளிகளாகப் பிரியும். அப்போது துளி 1 மைக்ரானை ஒட்டி வந்தது. லேபிளில் எழுதினால் இரண்டும் ஒரே சரக்கு. வயலில் ஒன்று கருக்கும், ஒன்று கருக்காது. முதல்முறை அந்த மாற்றத்தை பீக்கரில் பார்த்தபோது லேபில் இருந்த ஜூனியர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அலமாரிச் சோதனை பொறுமையைக் கேட்கும். பாட்டிலில் எவ்வளவு காலம் தாங்கும் என்று சீக்கிரம் தெரிந்துகொள்ள, பூச்சிமருந்துகளை 54 டிகிரியில் 14 நாள் வைத்துப் பார்ப்பது வழக்கம். வேம்பில் பூச்சியை அடக்கும் பொருளான அசாடிராக்டின் சூட்டுக்கும் காரத்தன்மைக்கும் தாங்காது. அதனால் அதே முறையில் அனுமதிக்கப்படும் மென்மையான வழியை எடுத்தோம்: 40 டிகிரியில் 8 வாரம். நீரின் பி.ஹெச். 5 பக்கம் இருக்கும்படி பஃபர் சேர்த்தோம். ஒரு கலவை சரியில்லை என்று தெரிய இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் சும்மா இருக்கக் கூடாது என்று பல கலவைகளை வாரம் தள்ளி வாரம் சூட்டுப்பெட்டியில் ஏற்றினேன். அசாடிராக்டின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் ஸ்லாட் கிடைப்பது தனிப் போராட்டம். பொதுக் கருவி என்பதால் இரவு நேரங்கள்தான் எனக்கு வாய்த்தன. சேரும்போதே எந்தக் கருவி உங்கள் லேபுக்குச் சொந்தம், எதற்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று சீனியர்களிடம் கேட்டுவிடுங்கள். ஆய்வு முடியும் தேதியை நிர்ணயிப்பது பெரும்பாலும் இதுதான்.

அப்புறம் பெரிய பாத்திரம். ஒரு லிட்டரில் அருமையாக வந்தது 50 லிட்டரில் திப்பித்திப்பியாக வந்தது. ஒரு லிட்டருக்கு இவ்வளவு கலக்கும் சக்தி என்பதை மாறாமல் வைத்துக்கொண்டால், அதே வடிவப் பாத்திரம் 50 மடங்கு பெரிதாகும்போது கலந்து முடியும் நேரம் சுமார் 2.4 மடங்கு கூடும். நாங்கள் நீரை விட்ட நேரமோ பழையபடியே. அதனால் நீர் விழும் இடத்தில் மட்டும் அதிகமாகத் தேங்கி, மற்ற இடம் தயாராகும் முன்பே அங்கே உள்வெளி மாறிவிட்டது. நீர்க் குழாயைக் கலக்கியின் இறக்கைக்கு அருகில் இறக்கி, விடும் வேகத்தைக் குறைத்ததும் துளி மறுபடி 1 மைக்ரான் பக்கம் வந்தது. கெமிஸ்ட்ரி படித்த என் தோழி அந்தக் கலவையை என்னைவிட நன்றாகத் தேர்ந்தெடுத்திருப்பாள், சந்தேகமே இல்லை. ஆனால் அதை 50 லிட்டரில் மறுபடி செய்வது எங்கள் வேலை. ஆரம்பத்தில் எல்லோரும் கேட்ட கேள்விக்கு ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் இப்படிப் பதிலாக அமைந்தது.

வைவாவில் வெளித்தேர்வாளர் பெரும்பாலும் இந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் கேட்டார். 500 லிட்டருக்குப் போனால் என்ன செய்வாய் என்று கேட்டபோது, அந்த அளவில் பாத்திரத்தைச் சுற்றிக் குளிர்விக்கும் ஜாக்கெட்டின் பரப்பு கொள்ளளவுக்கு ஏற்ப வளராது, கெட்டியாகும் கட்டத்தில் உண்டாகும் சூட்டை எடுப்பதுதான் முதல் பிரச்சினை என்றேன். ஒத்துக்கொண்டார்.

இப்போது ஒரு பெயின்ட் நிறுவனத்தில் வேலை. வேப்பெண்ணெய் போய் அக்ரிலிக் வந்திருக்கிறது. பூச்சிக்குப் பதில் சுவர். துளியும் துகளும் பாயும் விதமும் அதே படிப்புதான். நேர்காணலில் இந்த நிறுவனமும் பாயும் விதத்தை அளக்கும் ரியோமீட்டரின் வரைபடம் ஒன்றை மேசையில் வைத்து, இந்தப் பெயின்ட் சுவரில் வழியுமா வழியாதா என்றுதான் கேட்டது. விண்ணப்பிக்கப் போகிறவர்கள் பேராசிரியரின் கடைசி ஐந்தாறு ஆய்வுக் கட்டுரைகளையாவது படித்துவிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். அவருடைய மாணவர்கள் கலவையைப் பாட்டிலில் வைத்து எத்தனை வாரம் பார்த்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு நாள் மட்டும் பார்த்து எழுதிய லேப் என்றால் அடிப்படை அறிவியலுக்கு நல்ல இடமாக இருக்கலாம். பொருள் வடிவமைக்கக் கற்றுக்கொள்ள வேறு லேபைப் பாருங்கள்.