மூன்று திரை, ஒரே குறிப்பு

அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ், கையில் ஆண்ட்ராய்டு. மூன்றிலும் ஓடாத செயலியை நான் இப்போது தொடுவதே இல்லை.

முன்பு போனில் மட்டும் ஓடும் ஒரு செயலியில் நான்கு வருடக் குறிப்புகள் வைத்திருந்தேன். போன் தண்ணீரில் விழுந்தது, குறிப்புகளும் கூடவே போயின. அப்புறம்தான் புத்தி வந்தது.

இப்போது எழுதுவதெல்லாம் ஆப்சிடியன் என்ற குறிப்புச் செயலியில். குறிப்புகள் சாதாரண மார்க்டவுன் (எளிய குறிகள் சேர்ந்த வெறும் எழுத்து) கோப்புகளாகவே இருக்கும்; நாளை அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். அந்த ஃபோல்டரை மூன்று கருவிகளுக்கும் கொண்டு சேர்ப்பது சிங்க்திங் என்ற செயலி. நடுவில் யாருடைய சர்வரிலும் கோப்பு தங்காது. அதனாலேயே ஒரு சிக்கல்: அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டும். லேப்டாப்பை அவசரமாக மூடிவிட்டுப் பேருந்து ஏறி, காலையில் எழுதியதைப் போனில் தேடி முழித்த நாட்கள் உண்டு.

கடவுச்சொற்களுக்கு பிட்வார்டன். இலவசக் கணக்கிலேயே எத்தனை கருவிகளிலும் வைத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு டெலிகிராமில் எனக்கு நானே அனுப்பிக்கொள்வேன். 2 ஜிபி வரை ஒரே கோப்பாகப் போகும்.

சரி, ஐபோன்காரர்கள் சிங்க்திங்குக்கு என்ன செய்கிறீர்கள்? ஐபோனில் அதற்கு அதிகாரபூர்வச் செயலியே கிடையாதே!